தர்மசங்கடம் யாருடையது? எரவாடா, 1932

1

2001 உள்ளாட்சித் தேர்தல் சமயம். மதுரை மாவட்டத்தில் ஒரு கிராமம், பேர் வேண்டாம். ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஊர். நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். சேரியின் நடுவில் இருந்த வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம், ஊராட்சித் தலைவருக்குள்ள அதிகாரங்கள், போலீஸ் பாதுகாப்பு கேட்டு மனுக் கொடுக்கிற முறை என்றெல்லாம் பேசினோம். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் மட்டும் நின்றார். மஞ்சப்பைக்குள் இருந்து வேட்புமனுப் படிவத்தை எடுத்தார். பாதி நிரப்பியிருந்தது.

"நிக்கவா வேணாமா? நீங்களே சொல்லுங்க தம்பி."

நான் மறுபடியும் சட்டத்தை ஆரம்பித்தேன். அவர் குறுக்கிட்டார்.

"ஒங்களுக்குக் கடைசி பஸ்ஸு எத்தன மணிக்கு?"

"ஒன்பதேகால் ஐயா."

"எனக்கு பஸ்ஸு கெடையாதுல்ல."

மேலவளவு நடந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு நின்று ஜெயித்த குற்றத்துக்காக முருகேசனையும் அவரோடு இருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று ஓடும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதற்கொண்டு தேர்தலே நடத்த முடியவில்லை. அல்லது நடந்தது, ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்தார். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார். நான் கடைசியில் சொன்னேன்: "முடிவு உங்களுடையதுதான் ஐயா. நீங்க எது செஞ்சாலும் நாங்க கூட இருப்போம்." சொல்லிவிட்டு ஒன்பதேகால் பஸ்ஸைப் பிடித்தேன்.

அந்தப் பதிலை அப்போது நான் மரியாதையான பதில் என்றுதான் நினைத்தேன். அவருடைய சுயநிர்ணயத்தை மதிக்கிற பதில். பஸ்ஸில் வரும்போதே அது உறுத்த ஆரம்பித்துவிட்டது. அந்த உறுத்தலோடுதான் அடுத்த பல வருஷங்கள் பூனா ஒப்பந்தத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பிலிருந்து வருகிறது.

2

நடந்ததை முதலில் சொல்லிவிடுவோம். தெரிந்த கதைதான், ஆனால் தெரிந்த கதைகளில்தான் விடுபடல்கள் அதிகம்.

1930-31 வட்டமேஜை மாநாட்டுக்குத் தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் பிரதிநிதிகளாகப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் அம்பேத்கர். இன்னொருவர் நம்மூர் இரட்டைமலை சீனிவாசன். 1890களில் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தியவர். 1931 செப்டம்பரில் கூடிய இரண்டாவது மாநாட்டுக்குக் காந்தி போனார். முஸ்லிம்களுக்கும் சீக்கியர்களுக்கும் தனி வாக்காளர் தொகுதி என்பதை ஒத்துக்கொண்டவர், தாழ்த்தப்பட்டவர்களுக்கு அது தரப்பட்டால் உயிரைக் கொடுத்தாவது எதிர்ப்பேன் என்று நவம்பரில் அங்கேயே அறிவித்தார். 1932 மார்ச்சில் சிறையிலிருந்து இந்தியா மந்திரிக்கு எழுதிய கடிதத்திலும் அதையே சொன்னார். ஆக, செப்டம்பரில் வந்த உண்ணாவிரதம் திடீரென்று வந்ததல்ல.

1932 ஆகஸ்ட் மத்தியில் பிரதமர் மக்டொனால்டின் வகுப்புவாரித் தீர்ப்பு வெளியானது. தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு மாகாண சட்டசபைகளில் 71 இடங்கள். அந்தத் தொகுதிகளில் அவர்கள் மட்டுமே ஓட்டுப்போடுவார்கள். அதோடு பொதுத் தொகுதியிலும் இன்னொரு ஓட்டு உண்டு. இருபது வருஷத்தில் இந்த ஏற்பாடு முடிந்துவிடும். இரண்டாவது ஓட்டைக் கவனிக்க வேண்டும். பொதுத் தொகுதியில் நிற்கிற சாதி இந்துவும் சேரிக்குள் வந்து ஓட்டுக் கேட்டாக வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். 'பிரித்துவிட்டார்கள்' என்ற குற்றச்சாட்டு இந்த இரண்டாவது ஓட்டை மறைத்துக்கொண்டுதான் நிற்கிறது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்று தமிழில் 'தனித்தொகுதி' என்கிறோமே, அதில் எல்லோரும் ஓட்டுப்போடுகிறார்கள். நிற்கிறவர் மட்டும் தாழ்த்தப்பட்டவர். 1932இல் கேட்கப்பட்ட 'தனி' வேறு. அதில் ஓட்டுப்போடுகிறவரும் அவரே. பொருள் பறிபோனது, சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. பல கூட்டங்களில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வரலாறு தோற்றவர்களிடமிருந்து முதலில் எடுத்துக்கொள்வது சொற்களைத்தான் போலும்.

ஆகஸ்ட் 18இல் காந்தி மக்டொனால்டுக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பர் 20 நண்பகலில் எரவாடா சிறையில் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கியது. அதற்கு முந்தின நாள் பம்பாயில் மாளவியா தலைமையில் இந்துத் தலைவர்கள் கூடினார்கள். 22ஆம் தேதி அம்பேத்கர் எரவாடாவுக்குப் போனார். சிறை முற்றத்தில் ஒரு மாமரத்தடியில் கட்டில் போட்டுக் காந்தி படுத்திருந்தார். அவருக்கு 63 நடக்கிறது, அம்பேத்கருக்கு 41. ஒதுக்கீடு எவ்வளவு காலம், எப்போது தாழ்த்தப்பட்டவர்களிடையே கருத்து வாக்கெடுப்பு, பத்து வருஷத்திலா ஐந்து வருஷத்திலா என்று இழுபறி. கடைசியில் வாக்கெடுப்பே வேண்டாம், இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் வரை தொடரட்டும் என்று முடிந்தது.

செப்டம்பர் 24, சனிக்கிழமை மாலை கையெழுத்தானது. 71 இடம் 148 ஆனது. சென்னை மாகாணத்தில் 18 என்றிருந்தது 30 ஆனது. ஓட்டு பொதுவானது. ஒவ்வொரு ஒதுக்கப்பட்ட இடத்துக்கும் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் முதல்கட்டத் தேர்தலில் நாலு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நாலு பேரில் ஒருவரை எல்லாச் சாதியாரும் சேர்ந்து பொறுக்குவார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் சீனிவாசன் உண்டு, எம்.சி. ராஜா உண்டு, கிரிக்கெட் வீரர் பால்வங்கர் பாலூ உண்டு, ராஜாஜி உண்டு. சந்தோஷம் தாங்காமல் ராஜாஜி அம்பேத்கரோடு பேனாவை மாற்றிக்கொண்டார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் அமைச்சரவை ஒப்புக்கொண்ட செய்தி வந்து, 26ஆம் தேதி தாகூர் அருகிலிருக்கக் காந்தி உண்ணாவிரதத்தை முடித்தார்.

3

தர்மசங்கடம் என்று நம்மிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது. இரண்டு தர்மங்கள் முட்டிக்கொள்கிற இடம். எதைச் செய்தாலும் ஒன்று மீறப்படும். இன்றைக்கு அந்தச் சொல் தேய்ந்துபோய், கல்யாண வீட்டில் பிடிக்காத சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார நேர்வதைக்கூட 'தர்மசங்கடமாப் போச்சு' என்கிறோம். போகட்டும்.

அம்பேத்கர் பிறகு 1945இல் எழுதிய நூலில் அந்த நாட்களைத் திரும்பிப் பார்த்து, தன்னைப்போல இக்கட்டில் நிறுத்தப்பட்டவர் எவரும் இருக்க முடியாது என்ற பொருள்படச் சொல்கிறார். ஒரு பக்கம் சாதாரண மனிதாபிமானம்: ஒரு மனிதரைச் சாவிலிருந்து காப்பாற்றுவது. மறுபக்கம் தன் மக்களுக்குக் கிடைத்திருந்த அரசியல் உரிமை. பாடப் புத்தக மொழியில் சொன்னால், உயிரா உரிமையா?

இந்தச் சட்டகத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால் விவாதம் முடிந்த மாதிரிதான். உயிருக்கு முன்னால் ஓட்டு என்ன பெரிது என்று யாரும் கேட்டுவிடலாம். அன்று நாடே அப்படித்தான் கேட்டது. உயிரைக் காப்பாற்ற ஒப்புக்கொண்டால் அது கடமை, அதற்கு நன்றி கிடையாது. மறுத்தால் கொலை.

ஆனால் தராசின் இன்னொரு தட்டில் இருந்தது வெறும் ஓட்டா? காந்தி செத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பம்பாயில் அம்பேத்கருக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன. அவரை விடுங்கள், அவர் பெயரைக்கூடக் கேட்டிராத, ஊருக்குக் கிழக்கே பத்து வீடு இருபது வீடாகச் சிதறிக் கிடந்த சேரிகளுக்கு என்ன ஆகியிருக்கும்? தண்ணீருக்கும் கூலிக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் ஊர்த்தெருவை நம்பி இருந்தவர்கள் அவர்கள். ஒரு மகாத்மா சாவின் கணக்கை அவர்களிடம்தான் தீர்த்திருப்பார்கள். ஆக, ஒரு பக்கம் ஓர் உயிர், இன்னொரு பக்கம் உரிமை என்பது பொய்யான படம். ஒரு பக்கம் தானே முன்வந்து பணயம் வைக்கப்பட்ட ஓர் உயிர். இன்னொரு பக்கம் யாரும் கேட்காமலே பணயம் வைக்கப்பட்ட பல உயிர்கள்.

காந்தி மிரட்டினார் என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குப் போதவில்லை. அவர் தரப்பை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தன் உண்ணாவிரதம் அம்பேத்கரை நோக்கியதல்ல, சாதி இந்துக்களின் மனசாட்சியை நோக்கியது என்றார் அவர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த ஒரு வாரத்தில் பல ஊர்களில் கோயில்கள் திறந்தன, கிணறுகள் திறந்தன, சமபந்தி நடந்தது. ஒரு தனிமனிதனின் பட்டினி அத்தனை லட்சம் பேரின் மனசை அசைத்தது நிஜம். அரசியல் சட்டத்தால் மட்டும் தீண்டாமை போகாது, மனசு மாற வேண்டும் என்ற அவருடைய வாதத்தை மேலவளவுக்குப் பிறகு நாம் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடவும் முடியாது. சட்டம் இருந்தும்தானே வெட்டினார்கள்.

இருந்தாலும் ஒரு கேள்வி நிற்கிறது. சாதி இந்துக்களின் மனசாட்சியை அசைக்க வேண்டுமென்றால், அதே உயிரைக் கோயில் வாசலில் வைத்திருக்கலாமே? வைக்க வாய்ப்பு வந்தது. அதே செப்டம்பரில் குருவாயூர்க் கோயிலைத் திறக்கச் சொல்லிக் கேளப்பன் உண்ணாவிரதம் இருந்தார். காந்தி அவரை நிறுத்தச் சொன்னார். தேவைப்பட்டால் தானும் அவரோடு உட்காருவதாகச் சொன்னார். டிசம்பரில் பொன்னானி தாலுகாவில் வாக்கெடுப்பு நடத்திப் பார்த்ததில் பெரும்பான்மையானவர்கள் நுழைவை ஆதரித்தார்கள். 1933 ஜனவரியில் தொடங்க வேண்டிய உண்ணாவிரதம், சட்டமசோதா வரட்டும் என்று தள்ளிவைக்கப்பட்டது. பிறகு நடக்கவே இல்லை. குருவாயூர் திறந்தது 1947இல். சனாதனிகளிடம் பொறுமை, அம்பேத்கரிடம் நாலு நாள் கெடு. உயிர் ஒன்றுதான், அது எந்தப் பக்கம் சாய்த்துவைக்கப்பட்டது என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

4

சார்த்தர் 1945இல் பாரிஸில் ஆற்றிய உரை ஒன்றில் ஒரு மாணவனின் கதை வரும். அண்ணன் 1940இல் ஜெர்மானியர்களால் கொல்லப்பட்டான். தாய்க்கு இவன் மட்டும்தான் துணை. இங்கிலாந்துக்குத் தப்பிப் போய் விடுதலைப் படையில் சேர்வதா, தாயோடு இருப்பதா? சார்த்தரிடம் கேட்கிறான். எந்த அறநூலும் உனக்குப் பதில் சொல்லாது, நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்துகொள் என்கிறார் அவர். தமிழில் எக்ஸிஸ்டென்ஷியலிசம் பற்றிப் பேசியவர்கள் சிலாகித்த இடம் இது. நானும் சிலாகித்திருக்கிறேன்.

இப்போது பார்க்கிறபோது, அந்தக் கிராமத்தில் நான் சொன்னதும் சார்த்தர் சொன்னதும் ஒன்றுதான் என்று படுகிறது. "முடிவு உங்களுடையது." வித்தியாசம் இதுதான்: அந்த மாணவனின் இக்கட்டை உண்டாக்கியவன் நாஜி, அவன் அங்கே ஆலோசனை சொல்ல வரவில்லை. எரவாடாவில் இக்கட்டை உண்டாக்கியவரும் அதற்குத் தீர்வாக நின்றவரும் ஒருவரே. மேலும் அந்த மாணவன் தனக்காகத் தேர்ந்தெடுக்கிறான். அம்பேத்கர் கையெழுத்துப் போடுவதோ அங்கே இல்லாத லட்சக்கணக்கானவர்களுக்காக. தனிமனிதத் தன்னிலையை மையமாக வைத்த எந்த அறவியலும் இந்த இடத்தில் தடுமாறிவிடுகிறது.

நம் மரபிலேயே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. அர்ஜுனனுக்குச் சங்கடம் வந்தபோது போரே நின்றது. பதினெட்டு அத்தியாயம் அவனுக்காகச் சொல்லப்பட்டது. ஏகலைவனிடம் கட்டைவிரல் கேட்கப்பட்டபோது அவனுக்கும் இரண்டு தர்மங்கள் முட்டியிருக்க வேண்டும்: குருவுக்குத் தட்சிணை, தன் வித்தை. அதைச் சங்கடம் என்று பாரதம் பதிவுசெய்யவே இல்லை. உடனே கொடுத்தான், அவ்வளவுதான். சங்கடப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. தயங்குவதற்கு நேரமும், தயக்கத்தைக் கேட்க ஓர் ஆளும் வேண்டும்.

1932 பற்றிய எழுத்துகளிலும் இதே பாகுபாடு வேலை செய்கிறது. காந்திக்கு உள்குரல், அம்பேத்கருக்குப் பேரம். காந்தி அறத்தின் ஆள். அம்பேத்கர் அரசியலின் ஆள். ஒருவர் உயிரைத் தந்தார், மற்றவர் இடங்களை எண்ணினார். இந்த இருமை எதிர்வைத்தான் உடைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

எண்ணுவது அறமில்லையா? சாகக்கிடக்கிற மனிதரின் கட்டிலருகே உட்கார்ந்து, வெளியே நாடு முழுக்கத் தன்னை வில்லன் என்று திட்டிக்கொண்டிருக்க, சென்னைக்கு எத்தனை, வங்காளத்துக்கு எத்தனை, மத்திய சபையில் நூற்றுக்குப் பதினெட்டா, முதல்கட்டத் தேர்தல் எத்தனை வருஷம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குவது எவ்வளவு கடினமான காரியம்! உணர்ச்சிவசப்பட்டு 'மகாத்மா பிழைத்தால் போதும்' என்று வெறும் கையெழுத்துப் போட்டிருந்தால் அவரை நல்லவர் என்றிருப்பார்கள். கோபத்தில் எழுந்து போயிருந்தால் வீரர் என்று நம்மில் சிலர் சொல்லியிருப்போம். இரண்டையும் செய்யாமல் கணக்குப் பார்த்தார். இழக்கப்போவது இன்னதென்று தெரிந்த பிறகு, அதற்குப் பதிலாகத் தன் மக்களுக்கு எதையெல்லாம் வாங்க முடியுமோ அதை வாங்குவதுதான் அந்த இடத்தில் இருந்த அறம். 71க்கும் 148க்கும் நடுவில் உள்ள எண்கள் அந்த அறத்தின் தடயங்கள்.

5

சரி, அந்த முடிவு சரியா தப்பா?

ஒரு படிப்பு வட்டத்தில், அம்பேத்கர் நூற்றாண்டான 1991இல், இதை இரவு முழுக்கப் பேசினோம். இரண்டு கட்சியானோம். விடியும்போது ஒரு தோழர் சொன்னார்: "அம்பேத்கரே ஒரே முடிவுல நிக்கலையேப்பா." அன்று அது எனக்குத் தப்பித்தலாகப் பட்டது. இன்று அதுதான் முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன்.

கையெழுத்தான மறுநாள், செப்டம்பர் 25, பம்பாய்க் கூட்டத்தில் அம்பேத்கர் ஒப்பந்தத்தை ஆதரித்துப் பேசினார். தனக்கும் காந்திக்கும் இவ்வளவு பொதுவானது இருந்தது ஆச்சரியம் என்றார். இதே மனதை வட்டமேஜையிலேயே காட்டியிருந்தால் இந்தச் சோதனையே வந்திருக்காதே என்றும் கேட்டார். அடுத்த சில வாரங்கள் தீண்டாமை ஒழிப்புச் சங்கத்தோடு ஒத்துழைத்தும் பார்த்தார். கோயிலைவிடக் குடியுரிமைக்கும் வேலைக்கும் போராடுங்கள் என்று அதன் செயலாளர் தக்கருக்கு நீண்ட கடிதம் எழுதினார். சங்கம் அந்த வழியில் போகவில்லை. தீண்டாமையை ஒழிப்பது சாதி இந்துக்கள் செய்ய வேண்டிய பிராயச்சித்தம் என்பது காந்தியின் நிலை. பிராயச்சித்தம் என்று வந்துவிட்டால் அறத்தின் கர்த்தா பாவம் செய்தவன்தான். பாதிக்கப்பட்டவன் அந்தச் சடங்குக்கு வேண்டிய பொருள் ஆகிவிடுகிறான். அம்பேத்கர் விலகினார்.

கன்னட விமர்சகர் டி.ஆர். நாகராஜ் 1993இல் வெளிவந்த தன் நூலில் இந்த மோதலில் இருவருமே ஒருவரையொருவர் மாற்றினார்கள் என்று வாதிட்டார். காந்தி பொருளாதாரத்தைப் பார்க்கத் தொடங்கினார், அம்பேத்கர் மதத்தை நோக்கி நகர்ந்தார் என்பது அவர் வாசிப்பு. எனக்கு இதில் ஈர்ப்பு உண்டு. ஆனால் இருவரும் மாறினார்கள் என்பது, யார் விலை கொடுத்து மாறினார்கள் என்ற கேள்விக்குப் பதிலாகாது.

விலை என்னவென்று தேர்தல்கள் காட்டின. 1945-46 தேர்தலில் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் வேட்பாளர்கள் பல இடங்களில் முதல்கட்டத் தேர்தலில் முன்னால் வந்தார்கள். அதாவது அவர்களுடைய சொந்த மக்கள் அவர்களைத்தான் கேட்டார்கள். இறுதித் தேர்தலில் எல்லோரும் ஓட்டுப்போட்டபோது விழுந்தார்கள். மாகாணங்களின் 151 ஒதுக்கப்பட்ட இடங்களில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே. பம்பாய் மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போக முடியாமல், அம்பேத்கர் வங்காளத்திலிருந்து ஜோகேந்திரநாத் மண்டலின் உதவியோடு போக வேண்டியிருந்தது.

எம்.சி. ராஜாவின் கதை இன்னும் கசப்பானது. முதலில் தனி வாக்காளர் தொகுதி கேட்டவர், 1932 தொடக்கத்தில் இந்து மகாசபையின் மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கூட்டுத் தொகுதிக்கு வந்தார். சாதி இந்துக்களை நம்பலாம் என்று முடிவெடுத்தவர். 1938இல் சென்னை சட்டசபையில் கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தபோது, எரவாடாவில் கையெழுத்துப் போட்ட அதே ராஜாஜி, பிரதமர் நாற்காலியிலிருந்து அதை எதிர்த்தார். ராஜா காந்திக்கு எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்று பதில் வந்தது. மசோதா தோற்றது. ராஜாவைத் துரோகி என்று சொல்வது இன்று சுலபம். எனக்கு அவர் நம்பிக்கை என்ற தேர்வைச் செய்து அதற்கான விலையைக் கொடுத்த மனிதராகத் தெரிகிறார். நம்புவதும் ஒரு தர்மம்தானே. நம்பப்பட்டவன் அதைக் காப்பாற்றாதபோது தப்பு நம்பியவன் மேல் ஏறிவிடுகிறது.

1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த எஸ். நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஒதுக்கப்பட்ட இடத்தில் ஜெயிக்கிறவர் தன் சொந்த மக்களின் ஓட்டில் நூற்றுக்கு 35ஆவது வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். தனி வாக்காளர் தொகுதிகூட இல்லை. படேல் எதிர்த்தார். நாகப்பா திரும்பப் பெற்றுக்கொண்டார். தமிழில் இந்தத் திருத்தத்தைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

'பொது' என்றால் யாருடையது என்பதற்கு இன்னொரு சம்பவம். 1957 தேர்தலில் ஆந்திராவின் பார்வதிபுரம் இரட்டை உறுப்பினர் தொகுதி: ஒரு இடம் பழங்குடியினருக்கு, ஒரு இடம் பொது. ஓட்டு எண்ணிக்கையில் இரண்டு பழங்குடி வேட்பாளர்கள் முன்னால் வந்தார்கள். ஒருவர் ஒதுக்கீட்டு இடத்தையும் இன்னொருவர் பொது இடத்தையும் பெற்றார்கள். தோற்றவர் வி.வி. கிரி, பின்னாளில் ஜனாதிபதியானவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1959இல் பழங்குடி வேட்பாளருக்கே வெற்றி உறுதியானது. 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளையே ஒழித்துச் சட்டம் வந்தது. தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு 1932இல் கையெழுத்துப் போட்டது தப்பு என்று சொல்லிவிடலாமா? நான் சொல்ல மாட்டேன். போடாமலிருந்தால் வந்திருக்கக்கூடிய ரத்தம் நடக்கவில்லை. நடக்காத ரத்தத்தை வரலாறு கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். ஆனால் சரி என்று சொல்லி மூடிவிடவும் மாட்டேன். சரியான முடிவுக்குப் பிறகும் ஒரு மிச்சம் இருக்கிறது. மீறப்பட்ட அந்த இன்னொரு தர்மம் செத்துப்போவதில்லை, வட்டியோடு திரும்பி வருகிறது. அம்பேத்கர் அந்த மிச்சத்தை மறைக்கவில்லை. 1932இல் கையெழுத்துப் போட்டவர், 1945இல் அதைக் கடுமையாக விமர்சித்தார், 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற மனுவில் தனி வாக்காளர் தொகுதியை மறுபடி கேட்டார். இதை முரண்பாடு என்கிறவர்கள் உண்டு. ஒரு முடிவை எடுத்துவிட்டு, அதன் கடனைக் கடைசிவரை தன் கணக்கிலேயே வைத்துக்கொண்ட மனிதரின் நேர்மை என்று நான் வாசிக்கிறேன். காந்தி உண்ணாவிரதத்தை முடித்தபோது அவருடைய சங்கடம் முடிந்தது. அம்பேத்கருடையது அன்றுதான் ஆரம்பித்தது.

6

மறுபடி வேப்ப மரத்தடிக்கு வருகிறேன்.

அவர் மனுத்தாக்கல் செய்யவில்லை. ஊர்த்தெருவில் பண்ணை வேலை பார்த்த ஒருவரை நிறுத்தினார்கள், ஜெயிக்கவைத்தார்கள், சில நாளில் ராஜினாமா வாங்கினார்கள். 2006 அக்டோபரில் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் ஒருவழியாகத் தேர்தல் நடந்தபோது நான் அவரைப் பார்க்கப் போனேன். பழசைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "பஸ்ஸு இப்ப பத்து மணிக்கும் ஒண்ணு விட்டிருக்கான் தம்பி" என்றார். கிண்டலா, தகவலா என்று இன்று வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

தமிழ்நாட்டு சட்டசபையில் இன்று 44 இடங்கள் பட்டியல் சாதியினருக்கு. பத்து வருஷத்துக்கு என்று 1950இல் எழுதப்பட்ட ஏற்பாடு நீட்டிக்கப்பட்டு நீட்டிக்கப்பட்டு, 2019இன் திருத்தப்படி 2030 வரை இருக்கிறது. எரவாடாவின் வாக்கியம் இன்னும் முற்றுப்பெறவில்லை. அதனால்தான் இதைப் பழங்கதையாக என்னால் எழுத முடியவில்லை.

இயக்கங்களில் இருக்கிற நாம், எழுதுகிற நாம், காந்தியின் உண்ணாவிரதத்தை வன்முறை என்று சொல்லப் பழகியிருக்கிறோம். சொல்லலாம். ஆனால் நாமும் மற்றவர்களுக்குச் சங்கடங்களை உண்டாக்குகிறவர்கள்தான். நில்லுங்கள் என்கிறோம், புகார் கொடுங்கள் என்கிறோம், சாட்சி சொல்லுங்கள் என்கிறோம், பின்வாங்காதீர்கள் என்று கட்டுரை எழுதுகிறோம். இக்கட்டை உண்டாக்கிவிட்டு அதற்கு வெளியே நிற்கிற சௌகரியம் நமக்கும் இருக்கிறது. காந்தியாவது தன் உயிரை வைத்தார். நாம் எதை வைக்கிறோம்?

"முடிவு உங்களுடையது" என்ற பதிலுக்குப் பதிலாக நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நில்லுங்கள் என்றா, வேண்டாம் என்றா? இருபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பதில் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று. அவர் என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை; ராத்திரி இங்கே படுப்பாயா என்று கேட்டார். அதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ நேராகச் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றால் இரண்டு பேருமாக உட்கார்ந்து அம்பேத்கர் மாதிரி கணக்குப் பார்த்திருப்போம்: எத்தனை வீடு, எத்தனை ஓட்டு, கூலி போனால் எத்தனை நாள் தாங்கும், தண்ணீருக்கு என்ன வழி, எதை விட்டுக்கொடுத்து எதை வாங்கலாம். இல்லை என்றால், இல்லை என்று தெரிந்துகொண்டு அவர் தன் கணக்கைத் தனியாகப் போட்டிருப்பார். நான் சொன்ன பதிலால் இரண்டுக்கும் வழியில்லாமல் போனது.

அந்தப் பாதி நிரப்பிய படிவத்தை அவர் என்ன செய்தார் என்று 2006இல் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அன்று பத்து மணி பஸ் போன பிறகும் அங்கேயேதான் இருந்தேன். ஐந்து வருஷம் தாமதம்.